மருந்தை ஆராய்ந்த சர் இராம்நாத் சோப்ரா

உலகிற் புகழ்பெற்ற பெரியோர் வரலாறுகளை எண்ணுங்கால், போர்க்களத்தில் வென்றோரும், அரசியல் மேடையில் முழங்கினோரும், காவியம் பாடினோருமே முதற்கண் நம் நினைவிற்கு வருகின்றனர். ஆய்வுச்சாலையின் ஒரு மூலையில் அமர்ந்து, ஒரு வேரைப் பொடித்துச் சாறு வடித்து, அச்சாறு உடலுக்கு நன்மை செய்யுமா தீமை செய்யுமா என்று ஆண்டுக்கணக்காக நோக்கியிருந்தோரை நாம் எளிதில் நினைப்பதில்லை. ஆயினும் நோயுற்ற வீட்டில் நள்ளிரவில் ஒரு மாத்திரையைக் கையிலெடுக்கும் தாய் ஒருத்தி, அவளறியாமலே, அத்தகையோருக்குக் கடன்பட்டவளாகின்றாள். அங்ஙனம் நம் நாடு கடன்பட்டிருக்கும் ஒருவர் கர்னல் சர் இராம்நாத் சோப்ரா. இந்திய மருந்தியலின் தந்தை என்று கற்றோர் போற்றும் இவரது வாழ்வை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இவர் வரலாற்றை நாம் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரமாக நீண்டு கிடக்கும் நம் வடசென்னையில் மீனவரும், துறைமுகத் தொழிலாளரும், ஆலைத் தொழிலாளரும் நெருங்கி வாழ்கின்றனர். இத்தெருக்களில் இருபது வயது இளைஞன் ஒருவன், ஒருவரும் பேசாதிருக்கத் தன் செவியிற் குரல்கள் கேட்பதாகக் கூறுவானாயின், அண்டை வீட்டார் தனக்கு நஞ்சிட முயல்கின்றனர் என்று அஞ்சுவானாயின், அவன் வீட்டார் முதலிற் கோயிலுக்கும் தர்காவுக்கும் மாதாகோவிலுக்கும் அழைத்துச் செல்வர். பின்னரே மருத்துவரை நாடுவர். மருத்துவர் மாத்திரை தருவார். குரல்கள் அடங்கும், அச்சம் தணியும். ஆனால் கை நடுங்கும், நடை தளரும், முகத்தில் உணர்ச்சி குன்றும், உடல் பருக்கும். அதுகண்ட அயலார், மருந்து மூளையை அரித்துவிடும், நிறுத்திவிடுங்கள் என்பர். வேறு சிலர், மருந்தை விட்டால் நோயே மூளையைக் கெடுத்துவிடும் என்பர். இவ்விருவர் சொல்லுக்கும் இடையே அத்தாய் திகைத்து நிற்பாள்.

மூளையைக் கெடுப்பது நோயா, மருந்தா? இவ்வினா எளிதன்று. இதற்கு விடை காண்பதற்கு வேண்டிய மனப்பான்மையை, அஃதாவது ஒரு மருந்தைப் புகழாமலும் பழிக்காமலும் எடைபோட்டுப் பார்க்கும் மனப்பான்மையை, நம் நாட்டில் நிலைநாட்டியவர் சோப்ரா. அன்றியும், பித்து நோய்க்குரிய மருந்துகளின் வரலாற்றில் முதலிடம் பெற்ற ஓர் இந்திய வேரைத் தம் ஆய்வுச்சாலையில் ஆராய்ந்தவரும் அவரே.

இராம்நாத் சோப்ரா 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17ஆம் நாள், இக்காலத்துப் பாகிஸ்தானிலுள்ள குஜ்ரான்வாலாவிற் பிறந்தார். இலாகூர் அரசினர் கல்லூரியிற் பயின்றபின், இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார். அங்கு வால்ட்டர் டிக்ஸன் என்னும் பேராசிரியர், மருந்துகள் உடலுறுப்புகளில் எவ்வாறு தொழிற்படுகின்றன என்பதைச் சோதனைகளால் ஆராயும் புதுத்துறையை வளர்த்து வந்தார். அதுவரை மருந்து என்பது முன்னோர் சொல்லியவாறு கொடுக்கப்படும் பொருளாகவே பெரிதும் இருந்தது. இன்ன மருந்து, இன்ன அளவில், இன்ன உறுப்பில், இன்ன மாறுதலைச் செய்கின்றது என்று அளந்து காட்டும் முறையை டிக்ஸனிடம் கண்ட இளைஞர் சோப்ரா அதனிடத்தே தம் உள்ளத்தைப் பறிகொடுத்தார்.

1908ஆம் ஆண்டு அவர் இந்திய மருத்துவப் படைப்பிரிவிற் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவிற் பணிபுரிந்தார். போர் முடிந்தபின், 1921ஆம் ஆண்டில், கல்கத்தாவிற் புதிதாக நிறுவப்பட்ட வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் மருந்தியற் பேராசிரியராக அமர்ந்தார். அங்கே இருபது ஆண்டுகள் அவர் ஆற்றிய தொண்டே அவர் பெயரை நிலைபெறச் செய்தது.

அக்காலத்தில் நாட்டு மருந்துகளைப்பற்றி இருவேறு கட்சியார் இருந்தனர். முன்னோர் கூறிய மூலிகையனைத்தும் அமுதமே, அவற்றை ஆராய்தல் அவமதித்தலாகும் என்பது ஒரு கட்சி. அவையனைத்தும் மூடநம்பிக்கையே, மேனாட்டுப் புட்டியில் வருவதே மருந்து என்பது மற்றொரு கட்சி. சோப்ரா இவ்விரண்டிலும் சேரவில்லை. முதலிற் செடி இன்னதென்று ஐயமறத் தெளிதல் வேண்டும்; பின்னர் அதன் சத்தைப் பிரித்தெடுத்தல் வேண்டும்; அச்சத்து விலங்குகளின் இதயத்திலும் நரம்பிலும் குருதியோட்டத்திலும் என்ன செய்கின்றது என்று அளத்தல் வேண்டும்; அதன்பின்னரே நோயாளிகளுக்குக் கொடுத்து விளைவைக் குறித்தல் வேண்டும்; நன்மையைக் குறிப்பதுபோலவே தீமையையும் குறித்தல் வேண்டும். இதுவே அவர் வகுத்த நெறி. இந்நெறியில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 1933ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இந்தியாவின் நாட்டு மருந்துகள் என்னும் பெருநூல், இன்றும் அறிஞர் கையாளும் நூல்களுள் ஒன்றாக விளங்குகின்றது.

மேனாட்டு மருந்துகளையும் அவர் இதே துலாக்கோலில் நிறுத்தார். 1920ஆம் ஆண்டுகளில் இந்தியத் துறைமுகங்களிற் கப்பல் கப்பலாக வந்திறங்கிய மருந்துகளுட் போலியும் வலுவிழந்தனவும் கலப்படமும் மலிந்திருந்தன. மலைக்காய்ச்சலுக்குக் கொய்னா வாங்குவோன் கொய்னாவைத்தான் பெறுகின்றான் என்று உறுதி கூறுவாரில்லை. துறைமுகத்தின் அருகே வாழும் நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். கரையில் இறங்கும் பெட்டியின் மேல் எழுதியிருப்பது ஒன்றும் உள்ளே இருப்பது மற்றொன்றுமாயின், அதனை அறிவார் யார்? 1930ஆம் ஆண்டு அரசினர் நிறுவிய மருந்து விசாரணைக் குழுவிற்குச் சோப்ரா தலைவராக அமர்ந்தார். 1931ஆம் ஆண்டு அக்குழு அறிக்கை அளித்தது. மருந்துகளைச் சோதிக்கும் நிலையங்களும், மருந்து விற்போர்க்குப் பயிற்சியும், நாடு முழுமைக்கும் ஒரு சட்டமும் வேண்டும் என்று அது வற்புறுத்திற்று. அதன் பயனாகவே 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டம் பிறந்தது. இன்று நம் தெரு மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரையின் உறையில் உற்பத்தி நாளும் காலாவதி நாளும் அச்சிட்டிருப்பதைக் காணும்போது, அம்முயற்சியின் நிழலையே நாம் காண்கின்றோம்.

மருந்து மனத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்பதிலும் அவர் பெருநாட்டம் கொண்டிருந்தார். அபின், கஞ்சா முதலிய பொருள்களை உண்போரைப்பற்றி அவரும் அவரோடு பணிசெய்தோரும் நெடுநாள் ஆராய்ந்தனர். கஞ்சாவுக்கும் மனநோய்க்கும் குற்றச் செயல்களுக்கும் உள்ள தொடர்பைப்பற்றிய அவர்களுடைய ஆய்வு 1942ஆம் ஆண்டு வெளிவந்தது. இதற்கு முன்னரே, 1893 - 94ஆம் ஆண்டுகளில், அரசினர் அமைத்த விசாரணைக் குழு ஒன்று பித்தர் விடுதிகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து, நோயாளியின் வரலாற்றைக் கேளாமலே, கஞ்சாவால் வந்த பித்து என்று எழுதும் வழக்கம் பரவியிருந்ததைக் கண்டறிந்தது. காரணம் தெரியாதவிடத்து ஏதேனும் ஒரு காரணத்தை எழுதிவிடுதல் மனித இயல்பு. இவ்வியல்பே மனநோய் ஆராய்ச்சியின் முதற்பகை என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ளல் வேண்டும்.

இனி அவ்வேரின் கதைக்கு வருவோம். சர்ப்பகந்தி என்பது முழங்கால் அளவு வளரும் ஒரு சிறு செடி. காம்பு சிவந்து இதழ் வெளுத்த பூக்களையும், கரிய சிறு பழங்களையும் உடையது. வேர் மிகக் கசப்பானது. பாம்புக்கடிக்கும், தூக்கமின்மைக்கும், பித்துக்கும் நாட்டு வைத்தியர் அதனை நெடுங்காலமாக வழங்கி வந்தனர். வட இந்தியாவிற் சிலவிடங்களில் அதற்குப் பித்தர் மருந்து என்று பொருள்படும் பெயரே வழங்கிற்று. 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சேன், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், பித்துக்கும் உயர்ந்த குருதியழுத்தத்திற்கும் இவ்வேர் நன்மருந்தாகும் என்று மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். அதே ஆண்டில் தில்லியிலிருந்த சலீமுஸ்ஸமான் சித்திக்கி அவ்வேரிலிருந்து சில காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அவற்றுள் ஒன்றிற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். 1933ஆம் ஆண்டில் சோப்ரா, தம் துணைவரோடு, இவ்வேரின் சத்து உடலிற் செய்யும் மாற்றங்களைச் சோதித்து வெளியிட்டார்.

ஆயினும் ஒரு புதிர் எஞ்சி நின்றது. தெளிவாகப் பிரித்தெடுத்த சத்துகளைக் கொடுத்தபோது, முழு வேரைக் கொடுத்தால் வரும் அமைதி வரவில்லை. மனத்தை அடக்கும் பொருள், ஆய்வாளர் ஒதுக்கிவைத்த பிசினிலே மறைந்திருந்தது. கல்கத்தா ஆய்வாளர் அப்பிசினில் உறக்கமூட்டும் ஆற்றல் உண்டென்று கண்டனர். எனினும் அதனுள் இருந்த பொருள் தனித்து அவர் கையிற் சிக்கவில்லை. இது சோப்ராவின் பெருமைக்குக் குறைவாகாது. இன்னது கிடைத்தது, இன்னது கிடைக்கவில்லை என்று உள்ளவாறு எழுதி வைத்ததனாலேயே பின்வந்தோர் எங்கே தேடுவதென்று அறிந்தனர்.

அக்காலத்துப் பித்தர்களின் நிலையை எண்ணிப் பார்த்தாலன்றி இவ்வாராய்ச்சியின் அருமை விளங்காது. சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலண்டைன் கனோலி என்னும் மருத்துவர் புரசைவாக்கத்தில் ஒரு பித்தர் விடுதியைத் தொடங்கினார். 1871ஆம் ஆண்டு கீழ்ப்பாக்கத்தில் அரசினர் விடுதி திறக்கப்பெற்றது. 1922ஆம் ஆண்டு அது மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாறிற்று. பெயர் மாறினும் மருந்தில்லை. உலகெங்கும் இதே நிலைமை. இன்சுலினால் மயங்கச் செய்தல், மின்சாரத்தால் வலிப்பு வருவித்தல், மூளையின் முன்பகுதி நரம்புகளை அறுத்தல் என்பனவே அந்நாளைய முயற்சிகள். மூளையை அறுக்கும் முறையைக் கண்ட போர்த்துக்கீசிய மருத்துவர் மொனீஸ் என்பார்க்கு 1949ஆம் ஆண்டு நோபெல் பரிசும் வழங்கப்பட்டது. அம்முறை எத்துணைப் பேரின் அறிவையும் ஆளுமையையும் அழித்தது என்று உலகம் உணர்ந்தது பின்னரே.

1941ஆம் ஆண்டு சோப்ரா கல்கத்தாப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டே சர் பட்டமும் பெற்றார். ஓய்வு என்பது பெயரளவே. காஷ்மீர் சமஸ்தானத்திற்குச் சென்று, ஜம்முவில் மருந்தாராய்ச்சி நிலையத்தை வளர்த்து, இமயமலைச் சாரலின் மூலிகைகளை ஆராய்ந்தார். 1946ஆம் ஆண்டு நாட்டு வைத்திய முறைகளை ஆராயும் குழுவிற்குத் தலைவராகி, 1948ஆம் ஆண்டு அறிக்கை அளித்தார். நாட்டு வைத்தியமும் மேனாட்டு வைத்தியமும் பகைத்து நில்லாது, ஒன்றினிடம் உள்ள உண்மையை மற்றொன்று ஏற்று இணைதல் வேண்டும் என்பதே அதன் சாரம். அதே 1948இல் இந்திய அறிவியல் மாநாட்டிற்கும் அவர் தலைமை தாங்கினார்.

அவர் கண்முன்னரே அவ்வேரின் புதிர் அவிழ்ந்தது. பம்பாய் இதய மருத்துவர் இரஸ்தம் ஜால் வக்கீல், 1949ஆம் ஆண்டு ஆங்கில இதழ் ஒன்றிற் சர்ப்பகந்தியின் குருதியழுத்தப் பயனை எழுதி மேனாட்டாரின் கவனத்தை ஈர்த்தார். 1952ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில், சீபா நிறுவனத்து அறிஞர்கள் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் பொருளைத் தனித்தெடுத்தனர். 1954ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் நேத்தன் கிளைன் அதனை மனநோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டதாக அறிவித்தார். இதற்கிடையே பிரான்சில் 1950ஆம் ஆண்டின் இறுதியில் ஆக்கப்பெற்ற குளோர்ப்ரோமசின் என்னும் மருந்தை, 1952ஆம் ஆண்டு பாரிசில் திலே, தெனிக்கர் என்போர் பித்தர்க்குக் கொடுத்தனர். வேரிலிருந்து வந்தது ஒன்று. சாயத் தொழிலில் தோன்றிய இரசாயனக் குடும்பத்திலிருந்து வந்தது மற்றொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பித்தர் விடுதிகளின் கதவுகளைத் திறந்தன. 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வக்கீலுக்கும், கிளைனுக்கும், தெனிக்கர் முதலியோர்க்கும் வழங்கப்பட்டது.

சோப்ரா 1956ஆம் ஆண்டிலும் இந்திய மூலிகைகளின் பெயரகராதி ஒன்றைத் துணைவரோடு வெளியிட்டார். 1973ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆம் நாள், தம் 90ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1983ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

அவர் ஆராய்ந்த வேர் மூளையைப்பற்றி நமக்குக் கற்பித்த பாடம் வியக்கத்தக்கது. 1957ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன், ரிசர்பின் கொடுத்த முயல்கள் அசைவற்றுக் கிடப்பதையும், டோப்பா என்னும் பொருளைச் செலுத்தியதும் அவை மீண்டும் எழுந்து நடமாடுவதையும் கண்டார். நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுதற்குச் சில இரசாயனத் தூதுவர்களைச் சிறு பைகளிற் சேமித்து வைத்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று டோபமீன். ரிசர்பின் அச்சேமிப்பைத் தடுத்து அப்பைகளை வெறுமையாக்கிவிடுகின்றது. குளோர்ப்ரோமசின் போன்றவையோ பைகளைத் தொடுவதில்லை. தூதுவன் சென்று தட்டும் வாயிலை அடைத்து நிற்கின்றன. இதனைக் கார்ல்சன் 1963ஆம் ஆண்டு விளக்கினார். 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், மிகுதியும் குறைவுமாகிய இரண்டுமே நோய் தரும் என்னும் கருத்தோடு தொடங்குதலைத் தமிழ் மாணவர் அறிவர். வள்ளுவர் கூறியது உடலின் வாதம் முதலியவற்றை. மூளையிலும் அத்தகையதொரு நிலைமையைக் காண்கின்றோம். பித்துற்ற காலத்தில் மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரையேட்டம் என்னும் பகுதியில் டோபமீன் வேண்டியதற்கு மேல் ஆக்கப்பட்டு வெளிப்படுகின்றது என்று பலருடைய மூளையைப் படமெடுத்த ஆய்வுகள் காட்டியுள்ளன. பொருளற்ற ஓசையும், தற்செயலான பார்வையும் அப்போது பெரும் பொருளுடையனவாகத் தோன்றுகின்றன. அச்சமும் ஐயமும் அதன்வழிப் பிறக்கின்றன. மருந்து அம்மிகுதியை அடக்குகின்றது. ஆனால் அடக்குதல் அளவு கடந்தால் குறைவு பிறக்கின்றது. டோபமீன் குறைந்தாரின் நோயாகிய பார்க்கின்சன் நடுக்கம் போன்ற நடுக்கம் அப்போது தோன்றுகின்றது. தாய் காணும் கைநடுக்கத்தின் காரணம் இதுவே. இது மூளை அரிக்கப்பட்டதன் அடையாளமன்று. அளவு மிகுந்ததன் அடையாளம். அளவைக் குறைத்தால் அல்லது மருந்தை மாற்றினால் பெரும்பாலும் தணியும்.

ஆனால் இதனோடு கதை முடிந்துவிடவில்லை. மூளையின் பருமனைப்பற்றிய வினா ஒன்றுண்டு. 1976ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஈவ் ஜான்ஸ்டன் என்பார், நெடுநாள் உளச்சிதைவு நோயுற்றோரின் மூளையுள்ளிருக்கும் நீரறைகள் பிறரினும் அகன்றிருப்பதைப் படத்திற் கண்டார். மருந்தை இன்னும் தொடாத புதுநோயாளிகளிடத்தும் சிறு வேறுபாடுகள் காணப்படுவதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆகவே நோய்க்கு ஒரு பங்கு உண்டு. மறுபுறம், 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நோயற்ற குரங்குகளுக்கு 17 முதல் 27 மாதங்கள் வரை இம்மருந்துகளைக் கொடுத்தபோது, அவற்றின் மூளையெடை நூற்றுக்கு 8 முதல் 11 பங்கு குறைந்திருந்தது. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவாவில் 211 நோயாளிகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து நோக்கியோர், மிகுந்த மருந்துண்டோரிடம் மூளைத்திசு சிறிது மிகுதியாகக் குறைவதைக் கண்டனர். ஆகவே மருந்துக்கும் ஒரு பங்கு இருத்தல் கூடும். 2020ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், பித்தோடு கூடிய மனச்சோர்விலிருந்து மீண்டோருட் சிலர்க்கு மருந்தும் சிலர்க்கு வெறும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. மருந்துண்டோரின் மூளைப்புறணி சிறிது மெலிந்தது. ஆனால் வெறும் மாத்திரையுண்டு நோய் திரும்பியோரிடத்தும் மெலிவு காணப்பட்டது. இவ்வொன்றிலேயே இருபக்கமும் வெளிப்படுதல் காண்க. அன்றியும் பருமன் குறைதல் ஒவ்வொரு முறையும் அறிவு குறைதலாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் சென்னை நகரமும் இவ்வாராய்ச்சியில் ஒரு பங்கு கொண்டுள்ளது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைவராக விளங்கிய டாக்டர் சாரதா மேனன் 1984ஆம் ஆண்டு தோற்றுவித்த ஸ்கார்ஃப் என்னும் உளச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தார், ஸ்காத்லாந்து மருத்துவர் மெக்ரீடியோடு கூடி, ஒருநாளும் மருந்துண்ணாத நோயாளிகளை ஆராய்ந்தனர். மேனாட்டில் அத்தகையோரைக் காண்டல் அரிது. வாயும் நாவும் தாமே அசைதல், உடல் விறைத்தல் ஆகியவை மருந்தினால் மட்டுமே வருவன என்று கருதப்பட்டு வந்தன. 1996ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வாய்வு, மருந்தையே தொடாதாரிடத்தும் அவ்வசைவுகள் இருப்பதைக் காட்டிற்று. 2002ஆம் ஆண்டு அத்தகையோரின் மூளையைப் படமெடுத்தும் ஆராய்ந்தனர். மருந்து இவ்வசைவுகளை மிகுவிக்கும் என்பது மெய். எல்லாவற்றையும் மருந்தின் தலையிற் சுமத்துதல் மெய்யன்று. பழைய பதிவேட்டில் எல்லாவற்றையும் கஞ்சாவின் தலையிற் சுமத்தியதை வாசகர் இங்கு நினைவு கூர்வாராக.

அப்படியாயின் தாய்க்கு என்ன விடை கூறுவது? நிறுவை நேர்மையாக இருத்தல் வேண்டும். ஒரு தட்டில் நடுக்கம், பருமன், நீரிழிவு, உணர்ச்சி மழுங்கல், மூளைத்திசுவின் சிறு குறைவு ஆகியவற்றை ஒளிக்காமல் வைத்தல் வேண்டும். மற்றொரு தட்டில், மருந்தை விட்டோரிடம் நோய் மீண்டும் மீண்டும் எழுதலையும், படிப்பும் தொழிலும் உறவும் சிதைதலையும், மருந்துண்ணாத நோயாளர் இளமையிலே இறத்தல் மிகுதி என்று பின்லாந்து முதலிய நாடுகளின் பதிவேடுகள் காட்டுவதையும் வைத்தல் வேண்டும். இன்னும் ஒன்றையும் வைத்தல் வேண்டும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியிட்டு வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்கள் மூளையை எந்த மருந்தும் கெடுக்கவில்லை. அவர்களை மனிதராக எண்ணாத நம் அறியாமையே அவர்களைக் கொன்றது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் எந்நோயாளியையும் சங்கிலியிடலாகாது என்று விதித்துள்ளது.

இவையனைத்தையும் நிறுத்துக் காண்போர் வரும் முடிவு இதுவே. கடும் பித்துற்றார்க்கு மருந்து பெரும்பாலும் நன்மையே மிகுதியாகச் செய்கின்றது. ஆனால் நோயை அடக்கும் குறைந்த அளவே சிறந்த அளவாகும். திடீரென்று மருந்தை நிறுத்துதல் தீங்கு பயக்கும். குறைப்பதாயின் மருத்துவரோடு கலந்து சிறிது சிறிதாகக் குறைத்தல் வேண்டும். நடுக்கம் கண்ட தாய் மருந்தைக் குப்பையில் எறிவதை விட்டு, அந்நடுக்கத்தை மருத்துவரிடம் சொல்லல் வேண்டும். அவள் சொல்லுக்குச் செவிகொடுத்தல் மருத்துவரின் கடமை. நம் இராயபுரத்தில் ஸ்காத்லாந்து மிஷனரிமார் தொடங்கிய ரெயினி மருத்துவமனையும், அதற்கு அண்மையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் ஏழை எளியோர்க்கு நெடுங்காலமாகப் பணி செய்து வருகின்றன. நோயாளியை வீட்டின் பின்கட்டில் அடைத்து வைப்பதினும் மருத்துவமனையின் வாயிலை மிதித்தல் நாணத்தக்கதன்று என்று நம் தெருவார்க்கு எடுத்துரைப்பது கற்ற இளைஞர் கடன்.

ரிசர்பின் மனநோய் மருத்துவத்திலிருந்து நெடுநாளைக்கு முன்பே விலகிவிட்டது. குருதியழுத்தம் மிகத் தாழ்தலும், உளச்சோர்வு பற்றிய அச்சமும், மேலான மருந்துகளின் வரவும் அதனை ஒதுக்கின. சர்ப்பகந்திச் செடியோ, பேராசையோடு தோண்டப்பட்டுக் காடுகளில் அரிதாகி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ்ப் பாதுகாக்கப்படுகின்றது. ஒரு மருந்து வரும், போகும். அதனை எடைபோடும் முறை போகலாகாது. அம்முறையை நமக்கு வழங்கியதே சோப்ராவின் பெருங்கொடை.

தம் நாட்டு வேர் என்பதற்காக அவர் அதனைத் தொழவில்லை. மேனாட்டுப் புட்டி என்பதற்காக அதனை வெறுக்கவும் இல்லை. எதனையும் சோதித்து, நன்மையைக் கொண்டு, தீமையை மறையாது எழுதினார். மருந்தைப்பற்றி அயலார் கூறும் அச்சமொழியும், விற்போர் கூறும் புகழ்மொழியும் ஒருங்கே ஒலிக்கும் இக்காலத்தில், கல்லூரி மாணவராகிய நாம் அவர் அடிச்சுவட்டைப் பின்பற்றி, ஆராய்ந்து அறிந்தவற்றையே பேசுவோமாக. அறிந்தவற்றை நம் தெருவிலுள்ள தாய்மார்க்கு விளங்கும் எளிய தமிழில் எடுத்துச் சொல்வோமாக.